கம்பத்து வீட்டுக்கு விலை குறித்தது சந்தை அல்ல

கம்பத்து வீட்டை வைத்து வங்கியில் பெரிதாக ஒன்றும் வாங்க முடியாது என்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்ட சங்கதி. வீடமைப்புக் கருத்தரங்கில் பேசுகிறவர், வங்கி முகப்பில் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரி, நம் சமூகத் தலைவர்கள் என யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். ஊருக்கு வெளியே இருக்கும் வீட்டை வாங்க ஆளில்லை; ஆளில்லாத இடத்தில் விலை ஏறாது; விலை ஏறாத வீட்டுக்குக் கடன் கிடைக்காது; யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, சந்தை அப்படி. இதற்கு எதிராக எழும் முணுமுணுப்பும் நமக்குப் பழக்கமானதே. மதிப்பீட்டாளர் பட்டணத்து ஆள், ஓரவஞ்சனையாகக் குறைத்துப் போடுகிறார், அரசாங்கமே உத்தரவாதம் கொடுக்கும் கடனென்றால் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்ல வேண்டியதுதானே என்பார்கள். இரு தரப்பும் எதிரெதிராக நிற்பதுபோலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் வழுக்குகின்றன. அறிக்கையில் உள்ள எண் வீட்டைப் பார்த்துப் பிறந்தது என்று இரண்டும் நம்புகின்றன. உண்மையில் அந்த எண்ணின் பெரும்பங்கு நிலப்பட்டாவைப் பார்த்துப் பிறக்கிறது. பட்டாவில் எழுதியிருப்பதை எழுதியது சந்தையும் இல்லை, மதிப்பீட்டாளரும் இல்லை. அரசு எழுதியது.

அரசு உத்தரவாதம் எதை மூடுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று முதலில் பிரித்துப் பார்க்கலாம். நிதியமைச்சின் கீழ் 2008-இல் தொடங்கப்பட்ட எஸ்.ஜே.கே.பி. என்னும் வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனம், சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்காக வந்தது. பிரிக்பீல்ட்ஸில் பூ கட்டி விற்கிறவர், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பலகாரம் போடுகிறவர், டாக்சி ஓட்டுகிறவர் ஆகியோரை வங்கி நம்பாது. அவர்கள் தவணை தவறினால் இழப்பைத் தான் ஏற்பதாக அரசு கையெழுத்திடுகிறது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு 1,000 கோடி ரிங்கிட் வரையிலான உத்தரவாதம் அறிவிக்கப்பட்டது. 40,000 பேர் பயனடைவார்கள் என்றார்கள். அடுத்தது முதியவர்களுக்கானது. பேங்க் நெகாராவும் வணிக வங்கிகளும் பங்கு வைத்திருக்கும் தேசிய அடமான நிறுவனமான சாகமாஸ், தன் துணை நிறுவனத்தின் வழியாக 2021 இறுதியில் ‘ஸ்கிம் சாரான் பெர்சாகார்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. 55 வயது நிறைந்தவர், வில்லங்கம் இல்லாமல் தானே குடியிருக்கும் வீட்டை அடமானமாக வைத்தால், ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும்; வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. திட்டம் முதலில் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் தொடங்கியது. முதல் திட்டம் ஆளின் குறையை மூடுகிறது, இரண்டாவது முதுமையின் குறையை மூடுகிறது. பட்டாவின் குறையை இரண்டுமே தொடுவதில்லை. எஸ்.ஜே.கே.பி. கையெழுத்திட்டாலும் பட்டா சரியில்லாத வீட்டின் முன்னால் வங்கி நின்றுவிடுகிறது. சாகமாஸ் திட்டத்திலோ வயதும் வீட்டு மதிப்பும் சேர்ந்தே மாதப் பணத்தை நிர்ணயிப்பதால், முதல் நாள் போடப்படும் மதிப்பு அந்த முதியவரின் கடைசி நாள்வரை கூடவே வருகிறது. வீடு பிற்பாடு விலை ஏறினால் மிச்சம் வாரிசுகளுக்குப் போகும். மருந்து வாங்கவும் மின் கட்டணம் கட்டவும் தவித்தவருக்கு அதனால் ஒன்றுமில்லை.

மதிப்பீடு நடக்கும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளியும். மனு கையில் கிடைத்ததும் வங்கி அதிகாரி செய்யும் முதல் வேலை, கிராண்டின், அதாவது நிலப்பட்டாவின், நகலைத் தம் பட்டியலில் உள்ள இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. ‘வெர்பல்’ என்று அவர்கள் சொல்லும் வாய்மொழி மதிப்பு அதே நாளிலோ மறுநாளிலோ வந்துவிடும். அதுவரை வீட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கிராண்டில் அவர்கள் தேடுவது நான்கு வரிகள்: நிலத்தின் பிரிவு விவசாயமா கட்டடமா, நிரந்தர நிலமா குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம், விற்கவோ அடமானம் வைக்கவோ மாநில அரசின் அனுமதி வேண்டும் என்ற தடை வரி உண்டா. ஒரு பட்டாவில் பத்துப் பேருக்குப் பங்கிருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். வாய்மொழி மதிப்பு திருப்தியாக இருந்தால்தான் ஆள் நேரில் வருவார். கீழே செங்கல்லும் மேலே பலகையுமாக இரண்டு தலைமுறை கட்டிச் சேர்த்த வீட்டை நாடா பிடித்து அளப்பார், முன்வாசல் துளசி மாடத்தோடு படம் எடுப்பார். நகராண்மைக் கழகத்தின் அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் பின்னால் இழுத்துக் கட்டிய சமையற்கட்டை மதிப்பில் சேர்ப்பதில்லை. பிறகு பக்கத்தில் அண்மையில் விற்ற மூன்று நான்கு சொத்துகளை ஒப்பிட்டு, இடம், அளவு, பட்டா வகை என்று ஒவ்வொன்றுக்கும் விழுக்காட்டைக் கூட்டியும் குறைத்தும் ஒரு தொகைக்கு வருவார். கம்பத்தில் வருஷத்துக்கு ஒரு விற்பனை நடந்தாலே அதிகம் என்பதால் ஒப்பீட்டுக்கு அவர் எடுப்பது பெரும்பாலும் பக்கத்துத் தாமானை, அதாவது வீடமைப்புக் குடியிருப்பை. தாமானுக்கும் கம்பத்துக்கும் இடையே அவர் கழிக்கும் கழிவில் செங்கல்லின் பங்கு சொற்பம்.

அந்த நான்கு வரிகளும் எங்கிருந்து வந்தவை? 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசு நிலத்தைத் தரும்போதே பிரிவையும் நிபந்தனையையும் தடையையும் எழுதித் தருகிறது. குத்தகையாகத் தந்தால் 99 ஆண்டுக்கு மேல் தர முடியாது. விவசாயப் பிரிவு நிலத்தில் உரிமையாளர் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. ஆகவே கம்பத்து வீடு சட்டப்படியே நிற்கலாம். அடமானத்துக்குப் போகும்போது மட்டும் அது ஏதோ செம்பனைத் துண்டில் தற்செயலாக முளைத்த கூரையாகிவிடுகிறது. இதற்கும் கீழே இருப்பவர்கள் டி.ஓ.எல். என்னும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் வைத்திருப்பவர்கள். அந்த உரிமம் ஆண்டு முடிந்தால் முடியும். மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் இறந்துவிடும். எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் அரசு நிலத்தின்மேல் அனுபவ பாத்தியதை கிடையாது என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பினாங்கு கம்போங் புவா பாலா மக்கள் கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2009-இல் கற்றுக்கொண்டதும் இதைத்தான். இப்படிப்பட்ட மண்ணில் நிற்கும் வீட்டை வாங்க ஆள் வரவில்லை என்றால் அது வாங்குகிறவரின் விருப்பமின்மையைக் காட்டவில்லை. வாங்கினாலும் தன் பெயருக்கு வராது என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அரசின் கை நிலத்தின் விலையை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பதற்குக் கோலாலம்பூரில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கம்போங் பாரு 1900-இல் மலாய்க்காரர் விவசாயக் குடியிருப்பாக ஒதுக்கப்பட்டது. இரட்டைக் கோபுரம் நிழல் விழும் தூரத்தில் நிற்கிறது; ஆனாலும் மலாய்க்காரர் அல்லாதார் அங்கு நிலம் வாங்க முடியாது என்பதால் இரண்டு பக்கத்து விலையையும் ஒப்பிடவே முடியாதபடி இடைவெளி விழுந்துவிட்டது. 2019-இல் மறுமேம்பாட்டுக்காகக் கூட்டரசுப் பிரதேச அமைச்சு சதுர அடிக்கு 850 ரிங்கிட் தருவதாகச் சொன்னது. உரிமையாளர்கள் முகம் சுளித்ததும் 1,000 ரிங்கிட் என்றது. சந்தைதான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால் அந்த 150 ரிங்கிட் எந்தச் சந்தையிலிருந்து வந்தது? பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த 72 ஏக்கர் அரசு நிலத்தில் கே.எல். சென்ட்ரல் எழுந்து 2001-இல் நிலையம் திறந்ததும் அந்த வட்டாரத்து நிரந்தரப் பட்டாக்காரர்களின் விலை எங்கோ போய்விட்டது. பல்லாண்டுகளாக ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்கு அதில் ஒரு சல்லியும் இல்லை, ஏனென்றால் அவர்கள் கையில் கிராண்ட் இல்லை. இன்று எல்.ஆர்.டி. 3 தடம் பண்டார் உத்தாமாவில் தொடங்கி ஏறத்தாழ 37 கிலோமீட்டர் ஓடி வந்து நிற்கும் கடைசி இடம் கிள்ளானின் ஜோகான் செத்தியா, கீரையும் சோளமும் விளையும் கரிமண் பூமி. அங்கே நாளைக்கு நிலத்தின் விலை ஏறினால் அது அரசு போட்ட தண்டவாளத்தின் விலை. பட்டா சீராக உள்ளவர் அதை வாங்கிக்கொள்வார், இல்லாதவர் ரயிலை வேடிக்கை பார்ப்பார்.

மதிப்பீடு என்பது வெப்பமானி காட்டும் அளவைப் போல, யார் பார்த்தாலும் ஒன்றே என்று இன்னும் வாதிடுவோர் 2017 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் செமினி ஜெயா வழக்கில் அளித்த தீர்ப்பைப் படிக்க வேண்டும். நெடுஞ்சாலைக்காக உலு லாங்காட்டில் எடுக்கப்பட்ட நிலத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பதே வழக்கு. அப்போதைய நில ஆர்ஜிதச் சட்டத்தின்படி நீதிபதிக்குப் பக்கத்தில் உட்காரும் இரண்டு மதிப்பீட்டு உதவியாளர்களின் கருத்தே தொகையை முடிவு செய்தது. அது அரசியலமைப்புக்கு முரண், நீதிபரிபாலன அதிகாரத்தை மதிப்பீட்டாளர்களிடம் ஒப்படைக்க முடியாது என்று நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. நிலத்தின் மதிப்பு தராசில் நிறுத்துச் சொல்லும் எடையாக இருந்திருந்தால் நீதிபதி தலையிட என்ன இருக்கிறது? இரு தரப்பும் சான்று வைத்து வாதாடி முடிவு காண வேண்டிய விஷயம் அது. அரசு நிலத்தை எடுக்கும்போது உரிமையாளருக்கு ஆட்சேபிக்க வழி உண்டு, வழக்கறிஞரும் எதிர் மதிப்பீடும் உண்டு. அதே உரிமையாளர் அதே நிலத்தைக் கடனுக்கு வைக்கும்போது இவற்றில் ஒன்றுமில்லை. பல்லாண்டாக வழக்கிலுள்ள கட்டண அட்டவணைப்படி முதல் 1,00,000 ரிங்கிட்டுக்கு 0.25 விழுக்காடும் அதற்கு மேல் 0.2 விழுக்காடும் என்றால், 3,00,000 ரிங்கிட் மதிப்புள்ள வீட்டுக்கு 650 ரிங்கிட் ஆகும். கட்டுகிறவர் கடன் கேட்பவர். அறிக்கையோ வங்கியின் சொத்து. காசு கொடுத்தவர் கண்ணில் அது படாமலே கோப்புக்குள் போய்விடுவது சர்வசாதாரணம். எதனால் குறைந்தது என்று தெரியாதவர், மதிப்பீட்டாளர் வஞ்சித்துவிட்டார் என்று நினைப்பதில் வியப்பில்லை.

அப்படியானால் மதிப்பைக் கூட்டிப் போடச் சொல்லலாமே என்ற கோரிக்கையை நான் ஏற்கவில்லை. நம் அரசியல்வாதிகளுக்குப் பிடித்த கோரிக்கை அது. செலவில்லாமல் கைத்தட்டல் வாங்கித் தரும். விற்றால் வராத தொகையை அறிக்கையில் எழுதிவிட்டு அதற்கு உத்தரவாதம் கொடுத்தால் வித்தியாசத்தைக் கட்டப்போவது பொதுப்பணம். அமெரிக்காவில் கூட்டரசுக் காப்புறுதியோடு 1980களின் இறுதியிலிருந்து நடக்கும் முதியோர் வீட்டுக் கடன் திட்டம் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றது. ஊதிப் பெருக்கிய மதிப்பீடுகள் காப்புறுதி நிதியை அரித்ததைக் கண்டு, 2018 அக்டோபர் முதல் சந்தேகத்துக்குரிய வீடுகளுக்கு இரண்டாவது மதிப்பீடு கட்டாயம் என்றார்கள். நம் ஊரிலும் ‘மார்க் அப்’ செய்து கையில் ரொக்கம் தருவதாகச் சொல்லி வீடு விற்ற தரகர்களிடம் சிக்கி, வீட்டின் விலைக்கு மேல் கடன்பட்டவர்களுக்குக் குறைவில்லை. ஆகவே மதிப்பீட்டாளர் இருப்பதை இருக்கிறபடி எழுதட்டும். அவர் எழுதிய எண்ணை எடுத்துக்கொண்டு, கம்பத்து வீடே மட்டம், கம்பத்து மனிதரே கடனுக்கு லாயக்கில்லாதவர் என்று முடிவு கட்டுவதுதான் என் மறுப்புக்கு உரியது.

இன்னொரு வாதம் கொஞ்சம் காரமானது. வேலை பார்த்த காலத்திலேயே தாமானில் பட்டாவோடு ஒரு வீடு வாங்கியிருக்க வேண்டும், கம்பத்தில் உட்கார்ந்தது அவரவர் தேர்வு என்பது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் எப்படிக் கம்பத்துக்கு வந்தார்கள் என்று தெரிந்தவர் இதைச் சொல்ல மாட்டார். தோட்டத்தில் வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் லயத்துக்கு எத்தனை அறை, எவ்வளவு தண்ணீர் என்று கணக்குச் சொன்னதே தவிர, சொந்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் புத்ராஜெயாவாக மாறியபோது அங்கிருந்தவர்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்ககங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தரை வீடு தருவதாகச் சொன்ன வாக்குக்காகத் தலைமுறையே காத்துக் கிடந்தது. குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று நாட்டில் வந்ததே 2013-இல். அது தீபகற்பத்தில் 900 ரிங்கிட். அந்த வருமானத்தில் மேரு, காப்பார் பக்கம் மலிவாகக் கிடைத்த பங்குப் பட்டா நிலத்தில் வீடு கட்டியவரைப் பார்த்து ‘தேர்வு’ என்பது கேலி. நிலம் நம் கைக்கு வர வேண்டும் என்று துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். மகத்தான காரியம்தான். ஆனால் உறுப்பினர் கையில் வந்தது பங்குச் சான்றிதழ். வங்கியில் அடமானம் வைக்கத்தக்க வீட்டு கிராண்ட் அதில் இல்லை. அரசு பின்னாளில் பேங்க் சிம்பானான் நேஷனல் வழியாகத் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்த வட்டியில் வீட்டுக் கடன் அறிவித்ததும் உண்டு. கடன் வந்தது, அந்தத் தொகைக்குள் பட்டாவோடு கிடைக்கும் வீடுதான் கிள்ளான் பள்ளத்தாக்கில் வரவில்லை.

பட்டாவைச் சீராக்கிக் கொடுத்தால் மறுநாளே மேம்பாட்டாளர் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார், கிழவரும் கிழவியும் தெருவில் நிற்பார்கள் என்ற அச்சம் நேர்மையானது. அதற்கு விடை சிலாங்கூர் அரசிடமே இருக்கிறது. குடியிருப்புக் குத்தகை நிலத்தைப் புதுப்பிக்க முழு பிரீமியம் கட்ட வழியில்லாதவர்கள் 1,000 ரிங்கிட் மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளவும், மீதியை விற்கும்போது கட்டவும் அங்கே ஒரு வழி திறக்கப்பட்டது. விற்பனைக்குத் தடை, குடியிருப்புக்கு உறுதி என்ற அந்தத் தர்க்கத்தை ஒரு படி நீட்டினால் போதும். விற்கத் தடை இருக்கட்டும். அரசு உத்தரவாதத் திட்டங்களுக்கு அடமானம் வைக்க மட்டும் முன்கூட்டியே பொது அனுமதி இருக்கட்டும். விவசாயப் பிரிவில் நிற்கும் குடியிருப்பு மனைகளைக் கட்டடப் பிரிவுக்கு மாற்றும் பிரீமியத்தையும் இதேபோல விற்பனை நாளுக்குத் தள்ளி வைக்கலாம். மாநிலம் இதில் இழப்பது எதுவுமில்லை, பணம் கைக்கு வர வேண்டிய நாள் மட்டும் தள்ளிப்போகிறது.

மாறப்போகும் பட்டாவை நினைத்து இன்றைக்கு மதிப்புப் போட முடியாது என்று தொழில்நெறி பேசுவோரும் உண்டு. மேம்பாட்டாளர்களுக்கு முடிகிறதே! ஒரு நிறுவனம் ரப்பர்த் துண்டை வாங்கி வங்கிக்குப் போகும்போது, நிலப் பிரிவு மாற்றத்துக்கும் கட்டட வரைவுக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கொண்டு மதிப்பிடும்படி கேட்பது நடைமுறையில் உள்ளதுதான். அனுமானம் இன்னதென்று அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் மதிப்பீட்டுத் தரவிதிகளும் அதை அனுமதிக்கின்றன. அதே மரியாதையைக் கம்பத்து வீட்டுக்கும் தந்து அறிக்கையில் இரண்டு எண்கள் போடட்டும்: இன்று இருக்கிறபடி என்ன மதிப்பு, பட்டாவின் குறை நீங்கினால் என்ன மதிப்பு. கடன் முதல் எண்ணின்மேல்தான் கிடைக்கட்டும், அதில் தகராறில்லை. வங்கிக்கான அறிக்கைகளில் சந்தை மதிப்பின் பக்கத்திலேயே ஏலத்தில் அவசரமாக விற்றால் வரும் தொகையையும் எழுதுகிறார்கள். வீட்டுக்காரர் தோற்றால் என்ன கிடைக்கும் என்று கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு, அரசு தன் வேலையைச் செய்தால் என்ன கிடைக்கும் என்று கணக்கிட இன்னும் ஒரு வரி போதும்.

கடைசியாக வருவது எல்லாரும் தப்பித்துக்கொள்ளும் வாசல். உத்தரவாதம் கூட்டரசினுடையது, நிலம் மாநிலத்தினுடையது, ஒருவர் வீட்டு வேலையை மற்றவர் எப்படிச் செய்வது என்பார்கள். அரசியலமைப்பின் 91-ஆவது பிரிவு தேசிய நில மன்றம் என்ற ஒன்றை வைத்ததே இப்படிப்பட்ட இழுபறிக்காகத்தான். கூட்டரசும் மாநிலங்களும் உட்காரும் அந்த மன்றம் வகுக்கும் நிலக் கொள்கை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். எஸ்.ஜே.கே.பி.க்கு ஆயிரம் கோடியை அறிவித்த நிதியமைச்சுக்கும், விவசாயம் என்று முத்திரை குத்திய பட்டாவில் வீட்டு வரி வசூலிக்க இடம்தரும் மாநிலத்துக்கும் இடையே அந்த மேசை காலியாகத்தான் இருக்கிறது. கிள்ளான், கோல லங்காட், கோல சிலாங்கூர் மாவட்ட நில அலுவலகங்களின் பதிவேட்டில் விவசாயப் பிரிவில் வீட்டோடு நிற்கும் மனைகள் எத்தனை, டி.ஓ.எல். எத்தனை, அடமானத் தடை வரி உள்ள மலிவு விலை வீடுகள் எத்தனை என்ற கணக்கை முதல் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லலாம். அதை வைத்துக்கொண்டு பேசட்டும், கம்பத்து வீட்டின் விலையைச் சந்தைதான் குறித்தது என்று.